மற்றும் பலர்

நன்றியுரைப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருத்திக்குக் கொலைவெறி வரும் என்றால் யாராவது நம்புவார்களா? விசாலாக்ஷிக்கு வந்தது. இரண்டாயிரமாம் வருஷம் அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி டீ நேரத்தில்.

புத்தகத்தை எழுதியவர் டாக்டர் வேதாந்தம். டெல்லியில் ஒரு தொல்லியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் துறைத் தலைவர். விசாலாக்ஷி அவருக்குக் கீழே டெக்னிகல் அசிஸ்டென்ட். தென்காசிக்காரி. சர்க்கார் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்து இருபது வருஷம், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வாசம். பழைய காலத்து மனிதர்கள் ஒரு பொருளை எப்படிச் செய்திருப்பார்கள் என்பதைக் கையால் செய்து பார்த்தே கண்டுபிடிப்பது அந்தத் துறையின் வேலை. அவர்கள் எடுத்துக்கொண்டது கறுப்பு சிவப்புப் பானை. அகழாய்வுக் குழிகளில் கூடை கூடையாகக் கிடைக்கும். வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய் விளிம்பிலும் கறுப்பு. வண்ணம் தீட்டியதல்ல, ஒரே நெருப்பில் வந்த இரண்டு நிறம். எப்படி?

"அவர்கள் எடுத்துக்கொண்டது" என்று சொல்வது பேச்சுக்குத்தான். வேதாந்தம் ஃபைலில் எடுத்துக்கொண்டார். நிறுவனத்தின் பின்பக்க மைதானத்தில், மே மாத வெயிலில் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சூளை வைத்தது விசாலாக்ஷி. உத்தம் நகர் குயவர்களிடம் களிமண், கர்னால் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து உமி, மாட்டுக்காரப் பையாவிடம் வரட்டி என்று எல்லாம் அவள் அலைந்து சேர்த்தது. நாற்பத்தொரு தடவை சுட்டாள். பதினேழாவது தடவை புருவம் கருகியது. முப்பத்து மூன்றாவது தடவைதான் சூட்சுமம் பிடிபட்டது. பானையை உமிப் படுக்கையில் கவிழ்த்து, விளிம்பை அழுத்தி, வரட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் சேறும் பூசிச் சுட வேண்டும். அது எல்லோரும் ஊகித்ததுதான். யாரும் ஊகிக்காதது, நெருப்பு அணைந்தபிறகு கை வைக்கவே கூடாது என்பது. மறுநாள் காலை வரை மூடியே கிடக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தூக்கினால் காற்று உள்ளே நுழைந்து, ஏறிய கறுப்பையெல்லாம் எரித்துத் தின்றுவிடும். இதை அவள் தன் நோட்டில் சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

வேதாந்தத்தின் புத்தகம் அந்த நோட்டிலிருந்து பிறந்தது. படங்களில் இருக்கும் கை அவளுடைய கை. மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்டிருந்தார்கள். நன்றியுரையில் மந்திரிக்கு நன்றி, செயலருக்கு நன்றி, இரண்டு வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு நன்றி, மனைவிக்கு, வளர்த்த நாய்க்குக்கூட நன்றி. கடைசி வரி இப்படி இருந்தது: "சூளைப் பணியில் உதவிய பியூன் கலியமூர்த்தி மற்றும் பலருக்கும்."

மற்றும் பலர். ஏழு வருஷம், நாற்பத்தொரு சூளை, ஒரு புருவம். பலர்.

"யக்கா, எம் பேரு போட்டிருக்காரே!" என்று கலியமூர்த்தி பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். பண்ருட்டிக்காரன். வஞ்சகமில்லாத மனுஷன். தன் பெயருக்குப் பக்கத்திலிருந்த அந்தப் 'பலர்' யார் என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பான். விசாலாக்ஷி, "நல்லா இருக்குடே" என்று சொல்லிவிட்டு ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

இது ஒன்றுதான் என்றால் அவள் ஒருவேளை விழுங்கியிருப்பாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். விசாலாக்ஷி பொறுத்துப் பொறுத்து ஆண்ட பூமி, ஒழுகுகிற கூரையோடு கிட்வாய் நகரில் ஒன்றரை அறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இந்திப் பத்திரிகை நிருபர் சூளையருகே வந்து ஏதோ கேட்க, அவள் பதில் சொன்னாள். மறுநாள் பானையோடு அவள் படம் வந்தது. மூன்றாம் நாள் மெமோ வந்தது. தொழில்நுட்ப உதவியாளர்கள் பார்வையாளர் எவருக்கும் எவ்வித விளக்கமும் அளிக்கலாகாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். கீழே வேதாந்தத்தின் கையெழுத்து, வால் நீட்டி. அந்த வருஷத்து ரகசிய அறிக்கையில் அவளைப் பற்றி 'சுயமுயற்சி போதாது' என்றும் எழுதினார். பதவி உயர்வு போயிற்று. இப்போது, வருகிற மார்ச் முதல் தேதியிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில் சாக்கு எண்ணப் போகும்படி மாறுதல் உத்தரவு. சூளையை இனி அவள் தொட முடியாது.

மார்ச்சுக்கு முன்னால் ஒரே ஒரு சூளை பாக்கி இருந்தது. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொதுமக்கள் நாள்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் விசாலாக்ஷியும் குற்றவாளி. வருஷத்துக்கு ஒரு நாள் நிறுவனத்தின் கேட்டைத் திறந்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள், கோல் மார்க்கெட், கரோல் பாக் குடும்பங்கள், சாணக்யபுரித் தூதரகங்களிலிருந்து சில வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். கல்லாயுதம் செதுக்கிக் காட்டுவார்கள், மணி துளைத்துக் காட்டுவார்கள். உச்சக்கட்டம் சூளை திறப்பு. முதல் வருஷம் சிறப்பு விருந்தினர் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார். சூளையோ காலையில்தான் மூட்டியது. வேதாந்தம் அவளைத் தனியே கூப்பிட்டு, "நான் கெஸ்ட்டை டீக்கு அழைச்சிண்டு போறேன். நீ எப்படியாவது பாத்துக்கோ" என்றார். அவள் பார்த்துக்கொண்டாள். முந்தின மாதம் சுட்ட நல்ல பானை ஒன்றை வெந்நீரில் சூடேற்றி, துடைத்து, சூளை ஓரத்துச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தாள். வேதாந்தம் வந்து இடுக்கியால் அதையே எடுத்தார். கைதட்டல் மைதானத்தைத் தூக்கியது.

ஒரு தடவைதானே என்று நினைத்தாள். மறு வருஷமும் "பாத்துக்கோ." அதற்கடுத்த வருஷம் அந்த வார்த்தைகூட இல்லை. கண்ணால் ஒரு ஜாடை, அவ்வளவுதான். நாலாவது வருஷம் ஜாடையும் நின்றுவிட்டது. அவருக்கு மறந்தே போய்விட்டது. பானை தானாக வருகிறது என்று அந்த மனிதர் மனசார நம்ப ஆரம்பித்துவிட்டார். நம்பி, புத்தகத்தில் அச்சடித்தும் விட்டார்: மூன்று மணி நேரத்தில் சூளையைத் திறக்கலாம், பொதுமக்கள் முன்னிலையில் பலமுறை நிரூபிக்கப்பட்டுள்ளது. சிவப்பு மையால் போட்ட இரண்டு கோட்டை அவர் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, இந்த அம்மாளுக்கு அதிக ஜாக்கிரதை என்று நினைத்திருப்பார்.

அந்த வரியைப் படித்த நிமிஷமே விசாலாக்ஷிக்கு வழி தெரிந்துவிட்டது. பழி வாங்கக் கத்தி எடுக்க வேண்டியதில்லை. ஒருவர் எழுதி வைத்ததை ஒரு எழுத்து விடாமல் அப்படியே செய்து கொடுத்தால் போதும்.

சனிக்கிழமை காலை மூடுபனி கலைய ஒன்பதாகிவிட்டது. விசாலாக்ஷி இரண்டு சூளை அடுக்கினாள். ஒன்று மைதானத்தின் நடுவில், கயிறு கட்டி, போர்டு வைத்து, புத்தகத்தின் எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கியது. மற்றது வேப்பமரத்துக்குப் பின்னால், சின்னதாக, அவள் நோட்டின்படி. பன்னிரண்டு மணிக்கு இரண்டையும் மூட்டினாள். எதற்கு இரண்டு என்று யாரும் கேட்கவில்லை. அவள் செய்கிற எதையும் யாரும் கேட்பதில்லை. அதுவும் ஒரு வசதிதான்.

இரண்டு மணிக்கு, சிறப்பு விருந்தினராக அமைச்சகச் செயலர் வந்தார். இந்தி பேசும் மனிதர், கையில் ஒரு உறை. வேதாந்தம் கழுத்தில் பட்டு மஃப்ளர் சுற்றிக்கொண்டு எதிர்கொண்டார். பழங்கலைகளுக்கென்று நகரத்துக்கு வெளியே முப்பது ஏக்கரில் ஒரு திறந்தவெளிக் கூடம் வரப்போகிறது, அதற்கு இயக்குநராக அவரை அறிவிக்கும் கடிதம்தான் அந்த உறைக்குள் இருக்கிறது என்று செக்ஷன் முழுக்கப் பேச்சு. சூளை திறந்ததும் அறிவிப்பு.

"எல்லாம் ரெடிதானே?" என்று டீக்குப் போகிற வழியில் அவளிடம் கேட்டார்.

"உங்க புக்குல இருக்கிறபடியே செஞ்சிருக்கேன் சார்."

"அச்சா, அச்சா" என்று நடந்தார்.

கூட்டம் சமோசாப் பக்கம் நகர்ந்ததும் கலியமூர்த்தி குசுகுசுவென்று வந்தான். "யக்கா, பானை எங்க? சாம்பல்ல வைக்கணுமே."

"இந்த வருஷம் இல்ல."

"அய்யய்யோ. சார் மாட்டிக்குவாரே?"

"மாட்டட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு எட்டப் போய் நின்றான்.

மூன்று மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. வேதாந்தம் மைக்கில் பேசினார். நெருப்பு நம் ஆசான் என்றார், மூதாதையர் என்றார், நானும் நெருப்பும் ஏழு வருஷம் பேசிக்கொண்டிருந்தோம் என்றார். விசாலாக்ஷி அவர் கைகளைப் பார்த்தாள். நெருப்போடு பேசின ஆளுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லையே!

இடுக்கியை நீட்டினார். அவள் பணிவாகச் சேற்று மூடியை உடைத்துக் கொடுத்தாள். உள்ளே கங்கு கனன்றது. வேதாந்தம் ஒரு நிமிஷம் தயங்கினார். சாம்பல் ஓரத்தில் எப்போதும் ஒரு பானை கைக்கு வாகாக இருக்குமே என்று அவர் கை தேடியது. கை மட்டும் மறக்கவில்லை. ஓரத்தில் ஒன்றுமில்லை. நடுவிலிருந்து ஒன்றைப் பிடித்துத் தூக்கினார். செக்கச் செவேலென்று வந்தது. உள்பக்கத்துக் கறுப்பு எல்லோர் கண் முன்னாலும் திட்டுத்திட்டாக வெளுத்து, அழுக்குச் சாம்பல் நிறமாகி, கடைசியில் அதுவும் போயிற்று. பிப்ரவரிக் காற்று ஒன்று அடித்தது. 'ணங்' என்று ஒரு சத்தம். பானை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி அவர் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது.

இதற்காகத்தான் நாலு மாதம் காத்திருந்தாள். ஆனால் வேதாந்தம் சாமானியரா? ஒரே விநாடியில் மைக்கைப் பிடித்தார். "பாருங்கள், இதுதான் உண்மையான பரிசோதனை! மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கும் இப்படித்தான் உடைந்தது!" கூட்டம் கைதட்டியது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். செயலர்கூடத் தலையாட்டிக்கொண்டே உறையைக் கையிலெடுத்தார்.

விசாலாக்ஷிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆத்திரக் கண்ணீர். உடைந்த பானைக்கும் இந்த மனிதருக்குக் கைதட்டலா?

அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ராமச்சந்திரன். கோல் மார்க்கெட்வாசி, ராணுவக் கணக்குத் துறையில் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வேதாந்தத்தின் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ஆடிட்டர் ஓய்வு பெற்றாலும் பென்சில் ஓய்வு பெறுவதில்லை.

"டாக்டர் சார், ஒரு சந்தேகம். மூணு மணி நேரத்துல திறந்தா கறுப்பு நிக்கும், பல தடவை நிரூபிச்சாச்சுன்னு எழுதியிருக்கீங்க. நானே மூணு வருஷமா வந்து பார்த்திருக்கேன், நின்னுது. இன்னிக்கு எங்க கண்ணெதிர்ல கறுப்பு எரிஞ்சு போச்சே. அப்ப மட்டும் எப்படி நின்னுது?"

நியாயமான கேள்வி. யாரோ அதை இந்தியில் செயலருக்குச் சொன்னார்கள். அவர் உறையைக் கீழே இறக்கி, "ஆமாம், எப்படி?" என்றார்.

வேதாந்தம் சிரித்தார். மஃப்ளரைச் சரிசெய்தார். "சின்ன டெக்னிகல் விஷயம். விசாலாக்ஷி, அவருக்குச் சொல்லும்மா."

மைதானமே அவள் பக்கம் திரும்பியது. விசாலாக்ஷி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தோள்பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"நான் பேசக் கூடாதுன்னு நீங்க ஆர்டர் போட்டிருக்கீங்க சார். தொண்ணூத்தொம்பது மார்ச் எட்டாந்தேதி."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வேதாந்தம் பல்லைக் கடித்தார். "அது இப்ப எதுக்கு? நான்தானே சொல்றேன், பேசு."

"வாயால சொன்னா செல்லாது சார். நாளைக்கு ஒழுங்கு நடவடிக்கைன்னு வந்தா நான் என்னத்தைக் காட்ட? எழுத்துல தாங்க."

டெல்லியில் பாதிக் கூட்டம் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். அவர்களுக்கு இது வேதவாக்கு. "சரிதானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செயலர் தம் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி வேதாந்தத்திடம் நீட்டினார். வேறு காகிதம் இல்லாமல் அழைப்பிதழின் பின்பக்கத்தில், கலியமூர்த்தியின் முதுகை மேஜையாக்கி, துறைத் தலைவர் எழுதினார். திருமதி விசாலாக்ஷி பார்வையாளர்களுக்கு விளக்கம் அளிக்க அனுமதிக்கப்படுகிறார். கையெழுத்தில் வால் நீளவில்லை.

அவள் தேதி போடச் சொன்னாள். போட்டார்.

பிறகு பேசினாள். இருபது வருஷத்து டெல்லி இந்தி, ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறு, விஷயம் மட்டும் ஆணி அடித்தாற்போல. இந்தச் சூளையை ஒரே நாளில் திறக்க முடியாது. திறந்தால் இன்று நடந்ததுதான் நடக்கும். அப்படியானால் போன வருஷங்களில் வந்த பானை? அது முந்தின மாதமே சுட்டது. நீங்கள் டீ குடிக்கப் போனபோது சாம்பலில் புதைத்து வைத்தது.

"யார் வைத்தார்கள்?" என்றார் செயலர்.

இந்த இடத்தில் அவள் வேதாந்தத்தின் பெயரை மட்டும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததுதான். "வைத்தது நான். வைக்கச் சொன்னது இவர். நாலு வருஷம் உங்களை ஏமாற்றினோம். எனக்கும் மெமோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள். அந்த மரத்துக்குப் பின்னால் ஒரு சூளை மூடியே கிடக்கிறது. அதில் பொய் இல்லை."

ராமச்சந்திரன் புத்தகத்தை மூடினார். "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலை" என்றார், யாரையும் பார்க்காமல். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தெரியாதவர்கள் அர்த்தம் கேட்டுச் சிரித்தார்கள். செயலர் உறையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். வேதாந்தம் பாதி தூரம் கூடவே ஓடினார். அந்த ஓட்டத்தை விசாலாக்ஷி கண் கொட்டாமல் பார்த்தாள். தித்தித்தது. தித்தித்தது என்று சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை.

ஆனால் மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது நோட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் எட்டுதான் சரியாக வந்திருக்கின்றன. இதுவும் பொய்த்தால் அவளும் வேதாந்தமும் ஒன்றுதான். அவருக்காவது பென்ஷனும் பட்டமும் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குளிரில், முப்பது பேர் வந்திருந்தார்கள். ராமச்சந்திரன் தன் பென்சிலோடு. உத்தம் நகரிலிருந்து நாலு குயவர்கள், விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி. செயலர் வரவில்லை, ஆனால் அவருடைய உதவியாளர் வந்திருந்தார். எல்லோருக்கும் பின்னால், மஃப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு வேதாந்தமும் நின்றார். பொய்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தாரோ, நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

விசாலாக்ஷி சேற்று ஓட்டைப் பெயர்த்தாள். சாம்பல் ஆறிக் கிடந்தது. கையை உள்ளே விட்டு, கவிழ்ந்திருந்த பானையை இரண்டு கையாலும் நிமிர்த்தி எடுத்தாள். வெளியே சிவப்பு. விளிம்பில் கறுப்பு ஒரு விரற்கடை இறங்கி நின்றது. உள்ளே காக்கைச் சிறகு போலப் பளபளத்தது. விரல் கணுவால் தட்டினாள். கணீரென்றது. குயவர்களில் மூத்தவர் "வாஹ்" என்று ஒரு வார்த்தை சொன்னார். முந்தின நாள் ஐந்நூறு பேர் தட்டிய கை இந்த ஒரு வார்த்தைக்கு உறைபோடக் காணாது.

பானை கை மாறி மாறிப் போய்க் கடைசியில் வேதாந்தத்திடம் வந்தது. வாங்கத் தயங்கினார்.

"ஆறிட்டு சார். சுடாது, பிடிங்க" என்றாள் விசாலாக்ஷி.

அவர் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் சூளைப் பதிவுத்தாளை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். வழக்கமாக அந்தத் தாளில் 'நடத்தியவர்' என்ற இடத்தில் வேதாந்தத்தின் பெயர் போகும். செயலரின் உதவியாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம்தான் தாள் போக வேண்டும். சூளை எண் 42; நேற்று உடைந்த காட்சிச் சூளை கணக்கில் சேராது. திறந்த நேரம் காலை 10.20. நடத்தியவர்: விசாலாக்ஷி. உதவி: கலியமூர்த்தி.

வேதாந்தம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "விசாலாக்ஷி... என் பேரையும் எங்கேயாவது போட்டுடேன். ஏழு வருஷம் நடந்த பிராஜெக்ட்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கலியமூர்த்தி என்ற பெயருக்குப் பக்கத்தில், அழுத்தமாக, இரண்டு வார்த்தை சேர்த்தாள்: மற்றும் பலர்.

"போட்டாச்சு சார்" என்று தாளை உதவியாளரிடம் கொடுத்தாள்.